மறதிநோய் இல்லங்கள்: வாசகர் கேள்விகள்

கே: அம்மாவுக்கு 74 வயது. ஞாபகமறதி அதிகமாகிவிட்டது. எந்த இல்லத்தில் சேர்க்கலாம்?

ப: மருத்துவரிடம் காட்டினீர்களா என்பதையே நீங்கள் எழுதவில்லை. தைராய்டு குறைவு, பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதிநோயைப் போலவே தோன்றும். அவை சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. இரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் முடிந்தபின் எழுதுங்கள்.

கே: சாதாரண முதியோர் இல்லத்தில் கட்டணம் குறைவு. அங்கேயே இருக்கட்டுமா?

ப: தொடக்க நிலையில் இருக்கலாம். வெளியே போனால் திரும்ப வழி தெரியாது என்ற நிலை வந்தபின் கூடாது. எந்த இல்லமானாலும் இரவு ஒன்பது மணிக்குமேல் ஒருமுறை போய், எத்தனை பேருக்கு ஒரு பணியாளர் விழித்திருக்கிறார் என்று பாருங்கள்.

கே: இல்லத்தில் அப்பா சில நாட்களாக இரவில் கத்துகிறாராம். தூக்க மாத்திரைக்கு என் ஒப்புதல் கேட்கிறார்கள். தரலாமா?

ப: காரணத்தைத் தேடாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பலமுறை எழுதியதுதான், மறுபடியும் எழுதுகிறேன். வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை கிடைக்காதவர் கத்தத்தான் செய்வார். இரண்டு மூன்று நாளில் நடத்தை மாறினால் முதலில் சிறுநீர்த் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு மலச்சிக்கல், பல்வலி, புதிதாகச் சேர்த்த மருந்து.

நான் பார்க்கப்போன ஓர் இல்லத்தில், ஒரு பெரியவரைத் துண்டால் நாற்காலியோடு கட்டி, மாத்திரை மயக்கத்தில் எச்சில் வழிய உட்கார வைத்திருந்தார்கள். "ராத்திரியெல்லாம் ஒரே ரகளை டாக்டர்" என்றார் பணியாளர். வயிற்றைத் தொட்டால் கல்லாக இருந்தது. பதிவேட்டைப் புரட்டினேன், ஆறு நாளாக மலம் போனதாகக் குறிப்பே இல்லை. எனிமா கொடுத்த அன்றிரவு அவர் மாத்திரையின்றி உறங்கினார்.

தூக்க மாத்திரை என்று சொல்லித் தரப்படுவது பல இடங்களில் மனநோய்க்கான மருந்து. பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இவை மறதிநோயுள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ரிஸ்பெரிடோன் போன்ற புதிய வகைக்கு 2005-லும் ஹாலோபெரிடால் போன்ற பழைய வகைக்கு 2008-லும் எச்சரித்தது. சுமார் பத்து வாரச் சோதனைகளில், வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இறந்தபோது, மருந்து உண்டவர்களில் நான்கைந்து பேர் இறந்தனர். மூளையணுக்களில் ஒருவகைப் புரதம் திரண்டு படிவதால் வரும் லூயி பாடி வகை மறதிநோய் என்றால் ஹாலோபெரிடால் உடலை விறைக்கச் செய்து உயிருக்கே உலை வைக்கலாம். தமக்கோ பிறருக்கோ அவர் ஆபத்தாகும் நிலையில் மருந்து தேவைப்படலாம். அப்போதும் குறைந்த அளவு, ஆறு வாரத்துக்குள் மறுபரிசீலனை ஆகிய இரண்டும் மருத்துவர் கைப்பட எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கே: போகும்போதெல்லாம் "வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று அழுகிறார். போகாமல் இருந்துவிடலாமா?

ப: கூடாது. அந்திவேளையில் குழப்பம் கூடும். ஆகையால் காலையில் போய், அவர் சாப்பிட அமரும் நேரத்தில் விடைபெறுங்கள். சில நாள் முன்கூட்டிச் சொல்லாமலும் போங்கள். உறவினர் எப்போது வருவார் என்று தெரியாத இல்லத்தில் துண்டால் கட்டத் தயங்குவார்கள்.