அண்ணன் எட்டாவது, தங்கை நாலாவது: வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அறிவியல் சொல்லித்தர முடியுமா?

முடியும். நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், காலையில் பெரியவனுக்கு ஒரு புத்தகம், சாயங்காலம் சின்னவளுக்கு இன்னொரு புத்தகம் என்று தனித்தனியாக நடத்தி ஓய்ந்துபோயிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதை விட்டுவிடுங்கள். எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்றாக இருக்கட்டும், கேள்வியை மட்டும் இரண்டாக்குங்கள். சின்னவள் பார்த்ததைச் சொல்லட்டும். பெரியவன் அளந்து பார்த்து, ஏன் அப்படி என்று சொல்லட்டும்.

நான் படித்தது பி.காம். பி.எட். இல்லாதவளுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று பேசுகிறவளும் நான் இல்லை. மகனுக்குக் கடுமையான ஆஸ்துமா. பனிக்காலம் வந்தால் பாதி நாள் பள்ளிக்குப் போக முடியாது. படித்த பள்ளியில் வருகைப்பதிவைக் காட்டி என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிற்கவைத்தார்கள். அதனால் வீட்டில் படிக்கிறான், அவனோடு தங்கையும் படிக்கிறாள். அவ்வளவுதான் காரணம்.

நாங்கள் இருப்பது வடசென்னையில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில். என் பெரியப்பா மகன் ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறார். ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினார். பெரிய தொட்டி நிறைய உப்புத்தண்ணீர். அம்மோனியா ஓடும் குழாய்கள் அந்தத் தண்ணீரைக் குளிர வைக்கின்றன. அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய தகரக் கேன்களை வரிசையாக இறக்கியிருக்கிறார்கள். கேனுக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸ் பாராக உறைகிறது, சுற்றியிருக்கும் உப்புத்தண்ணீர் உறையாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. சின்னவள் பிடித்துக்கொண்டாள்: "மாமா, உள்ள இருக்கிறது உறைஞ்சிடுச்சு, வெளிய இருக்கிறது மட்டும் ஏன் உறையல?" எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் வெப்பம் என்றே ஒரு பாடம் இருக்கிறது. அதை இந்தக் கேள்வியில் ஆரம்பித்தோம்.

வீட்டில் செய்தது இதுதான். எவர்சில்வர் டம்ளரில் நொறுக்கிய ஐஸ். அதில் லேப் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. பாரிமுனைப் பக்கம் லேப் சாமான் விற்கும் கடைகளில், பூஜ்யத்துக்குக் கீழேயும் கோடு போட்ட, பாதரசம் இல்லாத சிவப்புத் திரவ தெர்மாமீட்டராகக் கேட்டு வாங்குங்கள். வெறும் ஐஸில் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. மகன் ஒவ்வொரு ஸ்பூனாகக் கல் உப்பைப் போட்டுக் கிளறி, இறங்க இறங்க எழுதிக்கொண்டே வந்தான். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்றால் ஏறக்குறைய மைனஸ் 21 டிகிரி வரை போகலாம் என்பது கணக்கு. வீட்டு டம்ளரில் அவ்வளவு இறங்காது, ஆனால் மைனஸுக்குப் போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அதற்குள் டம்ளரின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. சின்னவள் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, டம்ளர்ல ஓட்டை இருக்கு. உப்பு வெளிய வந்துடுச்சு" என்றாள்.

மகன் வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "ஓட்டைன்னு எப்படித் தெரியும் பாப்பா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். ஸ்பூனால் அந்த வெள்ளையைச் சுரண்டி நாக்கில் வைத்தாள். "உப்பே இல்லையே!" டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அப்போ உள்ளேயிருந்து வரல. வெளியேயிருந்துதான் வந்திருக்கு." வெளியே என்ன இருக்கிறது என்றேன். "காத்து" என்றாள். காற்றில் இருக்கும் ஈரம் அங்கே வந்து உறைந்திருக்கிறது என்று சேர்த்துச் சொல்ல எனக்கு ஒரு வரிதான் மிச்சம் இருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை எழுதத் தெரியவில்லை.

பெரியவன் வேலை அதற்கு அப்புறம். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். உப்பு சேர்ந்த தண்ணீர் பூஜ்யத்தில் திரும்ப உறைய முடியாது, அதனால் ஐஸ் உருகிக்கொண்டே போகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை அந்தக் கலவையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது, வெப்பநிலை இறங்குகிறது. இதை வரைபடமாகப் போட்டு, தங்கைக்குப் புரிகிற மாதிரி அவனே சொல்ல வேண்டும். அவள் கேட்ட இடத்தில் அவன் திணறினால், அந்த இடத்தை மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் திரும்பப் படிப்போம்.

நான்கு வகுப்பு வித்தியாசம் பெரிய பிரச்சினை இல்லை. மூத்தது முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிடும், இளையது யோசிப்பதையே நிறுத்திவிடும், அதுதான் பிரச்சினை. எங்கள் வீட்டில் சின்னவள் எழுதி முடிக்கும்வரை அண்ணன் பேசக் கூடாது. இதில் மட்டும் நான் கறார்.

சங்கரா மீனின் செவுளைத் திறந்து பார்ப்பது, மொட்டைமாடியில் நிழல் அளப்பது எல்லாம் இதே போலச் சேர்ந்து செய்யலாம். வேதிச் சமன்பாடு, மின்சுற்றுக் கணக்கு போன்றவை சேர்ந்து வராது. அவற்றுக்குப் பெரியவனோடு தனியாக உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் சின்னவள் படம் வரையட்டும், தப்பில்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. பிர்லா கோளரங்கம் 1988-லிருந்து தென்சென்னையில், கோட்டூர்புரத்தில் இருக்கிறது. 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் அங்கேதான். எங்கள் பக்கம் வந்தது எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலும் கொடுங்கையூர்க் குப்பைமேடும். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கரைக்கு வந்த எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய். எங்கள் பிள்ளைகள் நட்சத்திரம் பார்க்க நகரத்தின் அந்தக் கோடிக்குப் போக வேண்டியிருக்கிறது. மூச்சிழுக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஓர் அறிவியல் மையம் வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறேன், இன்னும் கொடுப்பேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெரியவன் எட்டாவது என்பதால் பரீட்சையைப் பற்றி இப்போதே முடிவெடுங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) பத்தாவது எழுத 14 வயது முடிந்திருக்க வேண்டும். மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுதுவதாக இருந்தால், அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சியும் உண்டு, அதற்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். அறிவிப்பு வரும்வரை காத்திராமல் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டு வையுங்கள்.