விளிம்பில் கசியும் காற்று: முகக்கவசங்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: வைரஸின் அளவு சுமார் 0.1 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்கிறார்கள். முகக்கவசத்தின் துளைகளோ அதைவிடப் பல மடங்கு பெரியவை. இது சல்லடையில் தண்ணீர் பிடிப்பதைப் போன்றதல்லவா?

பதில்: சல்லடை என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. வைரஸ் தனியே பறந்து வருவதில்லை. மூச்சிலும் பேச்சிலும் இருமலிலும் வெளிப்படும், உப்பும் புரதமும் சளியும் கலந்த ஈரத் துகள்களுக்குள் தங்கியே வருகிறது. அத்துகள்கள் பெரும்பாலும் வைரஸைவிடப் பெரியவை. வடிகட்டியோ, நுண்ணிழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் அடர்ந்த புதர் போன்றது. சற்றே கனமான துகள், காற்று இழையைச் சுற்றி வளையும்போது தான் வளைய முடியாமல் நேரே போய் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறிய துகள், காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்கத் தள்ளாடித் திரிந்து, அந்த அலைச்சலிலேயே ஏதோ ஓர் இழையைத் தொட்டுவிடுகிறது. இரண்டு வகையிலும் சேராத, ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவுள்ள துகளே தப்பிச் செல்வதற்கு வாய்ப்பு அதிகம். பலரும் கருதுவதற்கு மாறாக, அதைவிடச் சிறியவற்றைப் பிடிப்பது எளிது. இதோடு, பாலிபுரொப்பிலீன் இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றப்பட்டிருப்பதால் அவை அருகில் வரும் துகள்களைத் தம்மிடம் இழுத்துக்கொள்கின்றன; மூச்சுத் திணறாத அளவுக்கு மெல்லிய அடுக்கே போதுமானதாக இருப்பதும் இதனால்தான்.

கேள்வி: நுண்துகள்களை வடிகட்டும் என்-95 கவசம் அணிந்தால் 95 விழுக்காடு பாதுகாப்பு என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. அந்த எண் வடிகட்டும் பொருளைப் பற்றியது. உங்கள் முகத்தைப் பற்றியது அன்று. ஆய்வகத்தில் அந்தப் பொருளின் வழியே நிமிடத்துக்கு 85 லிட்டர் வீதம் காற்றைச் செலுத்தி, நுண்ணிய உப்புத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காடு பிடிபடுகிறதா என்று பார்க்கிறார்கள். ஐரோப்பிய எஃப்எஃப்பி2 கவசத்துக்கு இந்த எல்லை 94 விழுக்காடு. எஃப்எஃப்பி3 கவசத்துக்கு 99. ஆனால் மூக்கின் இருபுறமும், கன்னத்திலும், தாடைக்குக் கீழும் இடைவெளி இருந்தால், தடையற்ற வழியைத் தேடும் காற்று வடிகட்டியை விட்டுவிட்டு அந்த இடைவெளியின் வழியாகவே நுழையும். இதைக் கணக்கில் கொண்டுதான் அமெரிக்கப் பணியிட விதிகள், பொருத்தச் சோதனையில் தேறி முறையாக அணிந்தவருக்கும்கூட, உள்ளே வரும் துகள்கள் வெளியே உள்ளதில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்று மட்டுமே எடுத்துக்கொள்கின்றன.

பொருத்தச் சோதனை எளியது. அணிந்தவரின் தலையை மூடும் உறை ஒன்றை மாட்டி, அதற்குள் கசப்பான அல்லது இனிப்பான கரைசலைப் புகைபோலத் தெளித்து, தலையைத் திருப்பச் சொல்லி, குனியச் சொல்லி, உரக்கப் பேசச் சொல்வார்கள். நாக்கில் சுவை தெரிந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். வீட்டில் அணிபவர்கள், மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்திப் படியவைத்து, கவசத்தை உள்ளங்கைகளால் மூடிப் பலமாக மூச்சுவிட்டு, கண்ணருகே காற்று வருகிறதா என்றாவது பார்த்துக்கொள்ள வேண்டும். காதில் மாட்டும் பட்டையைவிடத் தலையைச் சுற்றி இழுக்கும் இரண்டு பட்டைகளே பொதுவாக நன்றாகப் பொருந்துகின்றன. விளிம்பு படியும் இடத்தில் தாடி இருந்தால் பொருத்தம் கெட்டுவிடும்.

கேள்வி: அப்படியானால் தளர்வான சர்ஜிக்கல் மாஸ்க் வீண்தானா?

பதில்: அணிபவரை நுண்துகள்களிலிருந்து காப்பதில் அது என்-95 போன்ற கவசத்துக்கு ஈடாகாது என்பது உண்மை. ஆனால் நோயாளியின் முகத்தில் இருக்கும்போது அதன் மதிப்பு வேறு. தென்னாப்பிரிக்காவில், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றை இரண்டு கினிப்பன்றிக் கூடங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் செலுத்தினார்கள். நோயாளிகள் சர்ஜிக்கல் மாஸ்க் அணிந்த நாள்களின் காற்றைச் சுவாசித்த 90 விலங்குகளில் 36-க்கும், அணியாத நாள்களின் காற்றைச் சுவாசித்த 90-இல் 69-க்கும் தொற்று ஏற்பட்டது. 2012-இல் வெளியான இந்த முடிவை நான் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்வதுண்டு.

கேள்வி: பெரிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றனவே, எதை நம்புவது?

பதில்: ஒவ்வோர் ஆய்வும் எந்தக் கேள்வியைக் கேட்டது என்று முதலில் பாருங்கள். 2020-இல் வெளியான டென்மார்க் ஆய்வு, பிறர் பெரும்பாலும் மாஸ்க் அணியாத சூழலில் அணிபவருக்கு மட்டும் என்ன நன்மை என்று கேட்டது. கொரோனா தொற்று, அணியச் சொல்லப்பட்டவர்களில் 1.8 விழுக்காடு, மற்றவர்களில் 2.1 விழுக்காடு என்று வந்த வேறுபாடு உறுதியான முடிவுக்குப் போதவில்லை. வங்கதேசத்தின் 600 கிராமங்களில் நடந்த ஆய்வு, ஊரார் அனைவரையும் அணியத் தூண்டினால் என்ன ஆகும் என்று கேட்டது. அணிபவர்கள் சுமார் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்ந்தார்கள், சர்ஜிக்கல் மாஸ்க் வழங்கப்பட்ட ஊர்களில் அறிகுறியோடு உறுதிசெய்யப்பட்ட கொரோனா தொற்று 11 விழுக்காடு குறைந்தது. பாதிக்கும் குறைவானவர்களே அணிந்த நிலையில் கிடைத்த பயன் அது என்பதை மறக்கக் கூடாது. 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் நிறுவனத்தின் தொகுப்பாய்வு வந்தபோது 'மாஸ்க் பயன்படாது என நிரூபணம்' என்று பலர் எழுதினார்கள். அது தவறான விளக்கம் என்று அந்நிறுவனத்தின் தலைமை ஆசிரியரே தெளிவுபடுத்த நேர்ந்தது.

இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை, மாஸ்க் அணியுமாறு சொல்வதன் விளைவையே அளக்கின்றன. வெளியே அணிந்துவிட்டு, உறவினரோடு மூடிய அறையில் இரண்டு மணி நேரம் கழற்றி வைத்துப் பேசியவருக்குத் தொற்று வந்தால், அது வடிகட்டியின் தோல்வி ஆகாது.

கேள்வி: என்-95 கவசத்தைத் துவைத்து மீண்டும் அணியலாமா?

பதில்: வேண்டாம். சோப்பு நீரும் ஆல்கஹாலும் இழைகளின் மின்னூட்டத்தைக் கெடுத்துவிடும். பார்வைக்குக் கவசம் புதியதுபோலவே இருக்கும் என்பதுதான் ஆபத்து. காற்றோட்டமான இடத்தில் உலரவைத்து மீண்டும் அணியலாம். பட்டை தளர்ந்தாலோ, ஈரமானாலோ, மூச்சுவிடக் கடினமானாலோ மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மாஸ்க் அணிந்தால் ஆக்சிஜன் குறையுமா?

பதில்: ஆரோக்கியமானவருக்கு அன்றாட வேலைகளில் அப்படி ஆவதில்லை. வாயு மூலக்கூறுகள் துகள்களைவிட ஆயிரம் மடங்கு சிறியவை. மூச்சிழுக்கச் சற்று முயற்சி தேவைப்படுவதால், நுரையீரல் நோய் உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: வீட்டில் ஒருவருக்குக் காசநோய். எங்களில் யார் எதை அணிய வேண்டும்?

பதில்: தொற்றும் நிலை தீர்ந்தது என்று மருத்துவர் சொல்லும்வரை, பிறருடன் இருக்கும்போது நோயாளி சர்ஜிக்கல் மாஸ்கும், அவரருகே செல்பவர் நன்கு பொருந்தும் என்-95-உம் அணிவது நல்லது. நோயாளிக்கு வால்வு உள்ள கவசம் கொடுக்காதீர்கள். அவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வால்வு வழியே வெளியேறும். சன்னல்களைத் திறந்து வைப்பதற்கு எந்தக் கவசமும் மாற்றில்லை. நோயாளி எழுந்து சென்ற பிறகும், காற்றோட்டமில்லாத அறையில் துகள்கள் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே உங்கள் கவசத்தை அந்த அறைக்குள் கழற்றாமல், வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகே கழற்றுங்கள்.