குவாண்டம் பூட்டு இப்போதே வேண்டுமா?

கேள்வி: மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் சிறிய இரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். பட்டர்வொர்த்தில் ஒரு கிளை உண்டு. குவாண்டம் கணினி வந்தால் நோயாளிகளின் தகவல் அத்தனையும் அம்பலமாகிவிடும் என்று சொல்லி, இரு கிளைகளுக்கும் இடையே பொருத்த ஒரு கருவியை விற்க வந்திருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆனால் அவர்கள் சொல்லும் ஆபத்து கட்டுக்கதை அல்ல.

இணையத்தில் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் ஆர்.எஸ்.ஏ. போன்ற மறையாக்க முறைகளைக் குவாண்டம் கணினியால் உடைக்க முடியும் என்று கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994-இலேயே காட்டிவிட்டார். அந்த வலுவுள்ள கணினி இன்னும் பிறக்கவில்லை. அதற்கு 2 கோடி கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) வேண்டும் என்றது 2019-இன் மதிப்பீடு. 2025-இல், அந்த மதிப்பீட்டைச் செய்தவர்களில் ஒருவரான கிரெய்க் கிட்னி, 10 லட்சத்துக்கும் குறைவாகவே போதும் என்றார். திருடுபவர் அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இன்றே ஒட்டுக்கேட்டுச் சேர்த்து வைத்து, பிறகு உடைக்கலாம்.

எனவே உங்கள் தகவலுக்கு எத்தனை ஆண்டு ரகசியம் தேவை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். போன மாதச் சர்க்கரை அளவைப் பதினைந்து ஆண்டு கழித்து யார் தேடப்போகிறார்கள்? தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் மரபணு முடிவோ, எச்.ஐ.வி. முடிவோ அப்படியல்ல. மரபணு முடிவு பிள்ளைகளையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, ஒரே ஒரு அறிக்கையின் பயணத்தைத் தாளில் வரையுங்கள். பகுப்பாய்வுக் கருவியோடு வந்த பழைய கணினி, ஆய்வக மென்பொருள், பட்டர்வொர்த் இணைப்பு, மருத்துவரின் வாட்ஸ்அப், இரவில் மேகக் கணினிக்குப் போகும் நகல், பழுது பார்க்க நிறுவனத்தார் வெளியிலிருந்து நுழையும் வழி. இவர்கள் விற்கும் பெட்டி காப்பது இதில் ஒரு கண்ணியை மட்டுமே. ஊழியர் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், திருடனுக்குக் குவாண்டம் கணினி எதற்கு?

விற்பவரிடம் அந்தப் பெட்டி எந்த மறையாக்க முறையில் இயங்குகிறது என்று கேளுங்கள். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும் முறைகளுக்கு 2024 ஆகஸ்டில் மூன்று தரநிலைகளை வெளியிட்டது. தகவலைப் பூட்டும் சாவியை இரு கணினிகள் ரகசியமாகப் பகிர்ந்துகொள்வதற்கானது எம்.எல்.-கெம். 'எங்கள் சொந்த ரகசிய முறை' என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஊரறிய ஆராயப்பட்ட முறைகளே சறுக்கியிருக்கின்றன: நிஸ்ட் பரிசீலனையில் இருந்த சைக் முறையை 2022-இல் சாதாரணக் கணினி ஒன்று சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தது. ஆகவே பழைய முறையும் புதியதும் சேர்ந்து இயங்க வேண்டும். நாளை ஒன்று விழுந்தால் மென்பொருள் புதுப்பிப்பிலேயே மாற்ற முடிய வேண்டும். புதிய சாவிகள் பெரியவை: இன்று பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் 32 பைட், எம்.எல்.-கெமின் நடுத்தர வகையில் 1,184 பைட். பழைய பிணையக் கருவிகள் சில இதில் திணறும். வேலை குறைந்த ஞாயிற்றுக்கிழமையில் சோதித்துப் பாருங்கள்.

ஒளித்துகள் வழியே சாவி அனுப்பும் கருவியாக இருந்தால், உங்கள் அளவுக்கு அது தேவையே இல்லை. பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு மையம் அதை அரசுப் பயன்பாட்டுக்கே ஆதரிப்பதில்லை.

புதிய குரோம் உலாவியில், பழையதும் புதியதும் சேர்ந்த அந்தக் கலப்பு முறை ஏற்கெனவே இருக்கிறது, புதுப்பித்தால் போதும். கணினி வட்டில் இருப்பதை ஏ.இ.எஸ்.-256 என்ற மறையாக்க முறை கொண்டு பூட்டுங்கள். குவாண்டம் கணினி ஆர்.எஸ்.ஏ.வைப் போல அதைக் கவிழ்க்காது. வைத்திருக்கத் தேவையில்லாததை அழியுங்கள். மென்பொருள், மேக நிறுவனங்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது எம்.எல்.-கெமுக்கு எப்போது மாறுவீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பிரிட்டன் தன் அமைப்புகளுக்கு வைத்திருக்கும் கெடு 2035. உங்களுக்கும் அவகாசம் இருக்கிறது.

கடவுச்சொல்லுக்கு அந்த அவகாசம் இல்லை. 2025 ஜூன் முதல், கடுமையான தகவல் கசிவை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது நம் மலேசியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.