ஐஸ் அலுவலகத்துக்குப் போகும் முன் தொண்டு நிறுவனத்தை நாடலாமா?

நியூஜெர்சியின் எடிசனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “என் தம்பி யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். 2022இல் மெக்சிகோ எல்லை வழியாக அமெரிக்கா வந்தான். அடுத்த ஆண்டே அகதித் தஞ்சம் கேட்டு மனு போட்டோம். தெரிந்த ஒருவர்தான் எழுதிக் கொடுத்தார். வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த மாதம் ஐஸ் என்கிற குடிவரவு அமலாக்கத் துறையின் அலுவலகத்தில் செக்-இன், அதாவது நேரில் ஆஜராவது, இருக்கிறது. பிரச்சினை வராமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு கன்சல்டன்ட் 2,000 டாலர் கேட்கிறார். வக்கீலுக்குக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. தொண்டு நிறுவனத்துக்குப் போகலாமா? அங்கே போனால் எங்கள் விவரம் அரசாங்கத்துக்குப் போய்விடுமா?”

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று புரிகிறது. சட்ட உதவி தரும் தொண்டு நிறுவனத்தில் வக்கீலிடம் சொல்வது, பணம் கொடுத்து வைத்த வக்கீலிடம் சொல்வதைப் போலவே ரகசியம். உங்களைப் பற்றி ஐஸுக்குத் தகவல் கொடுக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. உதவி கேட்டு வருபவரின் குடிவரவு நிலையைச் சரிபார்க்கும் கட்டாயம் தொண்டு நிறுவனங்களுக்குக் கிடையாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தவிரவும், உங்கள் தம்பியின் முகவரி, கைரேகை, வழக்கு எண் எல்லாம் ஏற்கெனவே அரசாங்கத்திடம் இருக்கின்றன. மறைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. அவருக்கு இல்லாதது, அவர் பக்கம் நின்று பேச ஓர் ஆள்தான்.

அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றத்தில் அரசு செலவில் வக்கீல் கிடைப்பதில்லை. கொலை வழக்கில் பிடிபட்டவருக்குக்கூட அரசு வக்கீல் வைத்துக்கொடுக்கிறது, நாடு கடத்தல் வழக்கில் கொடுப்பதில்லை. 2007 முதல் 2012 வரையிலான வழக்குகளை ஆராய்ந்தபோது, வக்கீல் இருந்தவர்கள் 37 சதவீதம்தான். தடுப்புக் காவலில் இருந்தவர்களில் அது வெறும் 14 சதவீதம். இந்த இடைவெளியை அடைக்கத்தான் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் எல்லா நிறுவனங்களும் ஒன்றல்ல. சாப்பாடும் உடையும் தருகிற இடத்தில் சட்ட ஆலோசனை கேட்காதீர்கள், அவர்களுக்கு அதற்கு அனுமதி இல்லை.

அனுமதி இருப்பது இரண்டு வகையினருக்கு. ஒன்று, வக்கீல்கள். இன்னொன்று, மத்திய அரசின் நீதித் துறையிடம் அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யும் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள். இவர்கள் வக்கீல்கள் அல்ல, ஆனால் முறையாக அனுமதி வாங்கியவர்கள். அதிலும் பகுதி அங்கீகாரம், முழு அங்கீகாரம் என்று இருக்கிறது. பகுதி அங்கீகாரம் உள்ளவர் ஐஸ் அடங்கிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை முன்னால் மட்டுமே நிற்க முடியும், குடிவரவு நீதிமன்றத்துக்குள் வர முடியாது. உங்கள் தம்பி வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால், முழு அங்கீகாரம் உள்ளவரோ வக்கீலோதான் வேண்டும். இந்த நிறுவனங்களின் பட்டியலையும், இலவசமாக வழக்கு எடுப்பவர்களின் பட்டியலையும் நீதித் துறையின் குடிவரவு நீதிமன்றப் பிரிவு தன் இணையதளத்தில் மாநில வாரியாக வெளியிடுகிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் சிறு கட்டணம் வாங்கலாம், அது தப்பில்லை. ரசீது கேட்டு வாங்குங்கள்.

அந்த 2,000 டாலர் கன்சல்டன்ட் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆட்கள் இதில் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. இலங்கையில் நொத்தாரிசு என்றால் உறுதி எழுதுகிறவர், பெரும்பாலும் சட்டத்தரணி. தமிழ்நாட்டிலும் நோட்டரி என்றால் வக்கீல்தான். அமெரிக்காவில் நோட்டரி பப்ளிக் என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி நிற்பவர், அவ்வளவுதான். கன்சல்டன்ட் என்று பலகை மாட்டிக்கொள்ள வக்கீல் படிப்பு எதுவும் தேவையில்லை. ஐஸ் செக்-இன்னில் பிரச்சினை வராமல் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது. முடியும் என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

தெரிந்தவர் எழுதிக் கொடுத்த மனு என்கிறீர்களே, எனக்கு அதுதான் அதிகக் கவலை. இப்படித்தான் ஒரு பையன் என் மேசைக்கு வந்தான். கடைப் பிளாஸ்டிக் பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த ஐ-589 என்ற தஞ்ச மனுவை எடுத்து நீட்டினான். அவன் ஊர் பருத்தித்துறை. மனுவில் இருந்த கதை மன்னாரில் நடக்கிறது. வேறு யாருக்கோ எழுதியதை எடுத்து இவன் பெயரைப் போட்டிருக்கிறார்கள். மனுவைத் தயாரித்தவர் கையெழுத்திட வேண்டிய பகுதி வெறுமையாக இருந்தது. உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்து அவனுடையது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, அண்ணா சொன்னார் போட்டேன் என்றான். 2005ஆம் ஆண்டு ரியல் ஐடி சட்டத்தின்படி, சின்ன முரண்பாட்டைக்கூட வைத்து நீதிபதி ஒருவரை நம்பத்தகாதவர் என்று சொல்லிவிடலாம். விசாரணைக்கு முன்பே பார்த்ததால் திருத்தம் கொடுக்க முடிந்தது. உங்கள் தம்பியின் மனுவை இந்த வாரமே யாராவது தமிழில் அவருக்கு வரிவரியாக வாசித்துக் காட்டட்டும்.

செக்-இன்னுக்குப் போவதா வேண்டாமா? போகாமல் இருந்தால் அதையே காரணமாக வைத்து அவரைக் கைது செய்யலாம். போனாலும், 2025 முதல் செக்-இன்னிலும் நீதிமன்ற வாசலிலும் கைதுகள் நடக்கின்றன. உங்களிடம் அதை மறைக்க மாட்டேன். அதனால்தான் தேதிக்கு முன்பே வக்கீலைப் பிடியுங்கள் என்கிறேன். அவர் ஜி-28 படிவத்தில் கையெழுத்திட்டால், ஐஸுடன் உங்கள் தம்பி சார்பாகப் பேசும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. நீதிமன்றத்துக்கு இஓஐஆர்-28 என்ற படிவத்தைத் தனியாகப் போட வேண்டும். வீடு மாறியிருந்தால் 5 வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்துக்கு முகவரி மாற்றம் தெரிவிக்க வேண்டும். பழைய முகவரிக்குப் போன கடிதத்தால் விசாரணைத் தேதி தெரியாமல் போய், ஆள் இல்லாமலே நாடு கடத்தல் உத்தரவு வாங்கியவர்கள் உண்டு.

கைதானால் முதல் சில மணி நேரம்தான் எல்லாம். நெவார்க்கில் பிடித்தவரை டெக்சாசுக்கோ லூசியானாவுக்கோ சீக்கிரமே மாற்றிவிடலாம். காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனு போடுவதென்றால், போடும் நேரத்தில் அவர் எந்த மாவட்டத்தில் இருக்கிறாரோ அங்கேதான் போட வேண்டும். அவர் சார்பாக அதைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வக்கீல்தான் போட முடியும், அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியால் முடியாது. எனவே நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்: உங்களிடம் ஆட்கொணர்வு மனு போடும் வக்கீல் இருக்கிறாரா, இல்லையென்றால் யாருக்குத் தகவல் சொல்வீர்கள்? ஆள் எங்கே என்று தேட ஐஸின் இணையத் தேடல் பக்கத்தில் ஏ நம்பரும் (குடிவரவுத் தாள்களில் ஏ என்ற எழுத்தோடு இருக்கும் எண்) பிறந்த நாடும் கொடுத்தால் போதும். அந்த ஒன்பது இலக்க எண் உங்கள் கையில் இப்போதே இருக்கட்டும்.

நியூஜெர்சியில் நீங்கள் இருப்பது ஒரு வகையில் நல்லது. தடுப்புக் காவலில் இருக்கும், வசதியில்லாதவர்களுக்கு வக்கீல் கொடுக்க இந்த மாநிலம் 2018 முதல் தன் பணத்தைச் செலவழிக்கிறது. லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூஜெர்சி, குவேக்கர் கிறித்தவர்களின் அமெரிக்கன் ஃபிரண்ட்ஸ் சர்வீஸ் கமிட்டி, ரட்கர்ஸ், சீட்டன் ஹால் சட்டக் கல்லூரிகள் இந்த வேலையில் இறங்கின. மத்திய அரசு நிதி வாங்கும் சட்ட உதவி மையம் எதுவும் உங்கள் தம்பியைத் திருப்பி அனுப்பினால் மனம் உடையாதீர்கள். ஆவணமில்லாத பெரும்பாலோருக்காக வழக்காட 1996 முதல் அவர்களுக்குத் தடை இருக்கிறது. அடுத்த கதவைத் தட்டுங்கள்.

செக்-இன் அன்று எல்லாத் தாள்களின் நகலும் உங்களிடம் வீட்டில் இருக்கட்டும். அசலையும் ஒரு பிரதியையும் அவர் எடுத்துப் போகட்டும். கைதானால் போனைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதால் உங்கள் எண்ணையும் வக்கீல் எண்ணையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம், தானாக நாட்டை விட்டுப் போகிறேன் என்ற தாளும் அதில் இருக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கட்டும். அரைகுறை ஆங்கிலத்தில் சமாளிக்கவே வேண்டாம். நீங்கள் வெளியே காத்திருங்கள். அவர் சொன்ன நேரத்துக்கு வெளியே வரவில்லையென்றால் உடனே வக்கீலுக்குப் போன் செய்யுங்கள், இரவு ஆகட்டும் என்று இருக்காதீர்கள்.