இலவச மென்பொருளுக்கு லைசென்ஸ் கட்டணமா? – வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: சொந்தக் கணினியில் வெப் டெவலப்மென்ட் செய்ய எதை வாங்குவது, வாங்கியதில் எங்கே ஏமாந்தோம் என்பது. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: வெப் டெவலப்மென்ட் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். பயிற்சிக்கு ஹோஸ்டிங், அதாவது தளத்தை இணையத்தில் வைக்க வாடகை இடம், கட்டாயம் வேண்டும், மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?

ப: வேண்டாம். படிக்கிற காலத்துக்கு உங்கள் கணினியேதான் சர்வர். எக்ஸாம்ப் (XAMPP) மாதிரி ஒரு தொகுப்பை நிறுவினால் அப்பாச்சி என்ற வெப் சர்வர், மரியாடிபி என்ற டேட்டாபேஸ், பிஎச்பி என்ற மொழி எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். அதன் எச்டிடாக்ஸ் (htdocs) ஃபோல்டரில் ஃபைலைப் போட்டு, பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால் பக்கம் திறக்கும். அதன் முகவரி 127.0.0.1. கணினி தன்னையே கூப்பிட்டுக்கொள்வதுதான் அது, இணைய இணைப்புகூடத் தேவையில்லை. தளம் தயாராகி அடுத்தவர் பார்க்க வேண்டும் என்கிற நிலை வரும்போது ஹோஸ்டிங் வாங்கிக்கொள்ளலாம். அப்போதும் முதல் தவணை விலையை விட்டுவிட்டு, புதுப்பிக்கும்போது எவ்வளவு என்று பாருங்கள்.

கே: எக்ஸாம்பில் அப்பாச்சி ஸ்டார்ட் ஆகவில்லை, சிவப்பு எழுத்தில் ஏதோ வருகிறது. சர்வீஸ் கடையில் காட்டினேன். மதர்போர்டில் நெட்வொர்க் பகுதி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். சரிதானா?

ப: சரியே இல்லை. மதர்போர்டைத் தொட விடாதீர்கள், உடனே போய்க் கணினியைத் திருப்பி வாங்குங்கள். நெட்வொர்க் பகுதி உண்மையிலேயே போயிருந்தாலும் லோக்கல்ஹோஸ்ட் வேலை செய்யும், ஏனென்றால் அந்தப் பேச்சு கணினிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, நெட்வொர்க் கார்டு வரை போவதே இல்லை. அப்பாச்சி கிளம்பாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அதற்கு வேண்டிய 80ஆம் எண் போர்ட்டில், அதாவது புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் எண் போட்ட வாசலில், வேறு ஒரு புரோகிராம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். எக்ஸாம்ப் கண்ட்ரோல் பேனலில் நெட்ஸ்டாட் என்று ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் எந்த போர்ட்டில் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். விண்டோஸில் பல நேரம் அது வேர்ல்டு வைடு வெப் பப்ளிஷிங் சர்வீஸ் என்ற விண்டோஸின் சொந்த வெப் சர்வர். அதை நிறுத்துங்கள், இல்லையென்றால் அப்பாச்சி வரிசையில் கான்ஃபிக் பட்டனை அழுத்தி எச்டிடிபிடி கான்ஃப் (httpd.conf) ஃபைலைத் திறந்து லிசன் 80 என்பதை லிசன் 8080 ஆக்கிவிட்டு, முகவரியில் லோக்கல்ஹோஸ்ட்:8080 என்று தட்டுங்கள். பாதுகாப்பான https பக்கங்களுக்கான 443ஆம் எண் போர்ட் தகராறு செய்தால் அதற்கும் இதே வைத்தியம்தான், அந்த எண் எஸ்எஸ்எல் கான்ஃபிக் ஃபைலில் இருக்கும்.

முன்பணத்தை விடாதீர்கள். என்ன கோளாறு, எப்படிச் சோதித்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த மறுப்பையே குறிப்பிட்டுப் புகார் கொடுக்கலாம். தெரியாமல் வந்து நிற்பவரிடம் இல்லாத பழுதுக்குப் பணம் வாங்குவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கே: மேக் வாங்கலாமா, விண்டோஸ் வாங்கலாமா?

ப: கையில் இருப்பதில் ஆரம்பியுங்கள்.

கே: புதிதாக 8 ஜிபி ரேம் லேப்டாப் வாங்கினேன். புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கர், எடிட்டர், பிரௌசர் மூன்றையும் திறந்தால் அப்படியே உறைந்துவிடுகிறது. ரேம் கூட்டலாம் என்று போனால், போர்டோடு பற்றவைத்தது, முடியாது என்கிறார்கள். இதை விற்கும்போதே சொல்ல வேண்டாமா?

ப: கட்டாயம் சொல்ல வேண்டும். பல வருடமாக நான் கத்திக்கொண்டிருப்பதே இதைத்தான், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

லேப்டாப் விளம்பரத்தில் பிராசசர் பெயர் பெரிதாக இருக்கும், திரையின் அளவு பெரிதாக இருக்கும், ரேம் 8 ஜிபி என்றும் போட்டிருப்பார்கள். அந்த ரேம் கழற்றி மாட்டக்கூடியதா, ஸ்லாட் எத்தனை, அதில் ஒன்றாவது காலியாக இருக்கிறதா என்பது எங்கோ அடியில் ஆன்போர்டு என்ற ஒரே சொல்லில் கிடக்கும், சில இடங்களில் அதுகூட இருக்காது. அதைவிட மோசம் அதிகபட்சம் 16 ஜிபி என்ற வரி. வாங்குகிறவர் பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்று படிக்கிறார்; அதே மாடலை 16 ஜிபி பற்றவைத்தும் விற்கிறோம் என்பது எழுதியவர் கணக்கு. நானே இப்படி ஒன்று வாங்கினேன். ரேமைக் கூட்டிக்கொள்ளலாம் என்று விற்பனைப் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பின்மூடியைத் திறந்தால் ஸ்லாட் இருக்க வேண்டிய இடத்தில் போர்டோடு ஒட்டிய கறுப்புச் சில்லுகள் மட்டும்தான். விற்றவர் தயாரித்தவரைக் காட்டினார், தயாரித்தவர் விற்றவரைக் காட்டினார், லேப்டாப் என்னிடமே தங்கிவிட்டது.

மெல்லிய உடம்புக்காகவும் பேட்டரி நிற்பதற்காகவும் ரேமைப் பற்றவைக்கிறார்கள், அதில் பொறியியல் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். என் கோபம் அதைச் சொல்லாமல் விற்பதில். கொஞ்ச வருடம் உழைக்கப்போகிற பொருளில் பிற்பாடு மாற்றவே முடியாத பாகம் எது என்பதை விலைக்குப் பக்கத்திலேயே, விலை அளவு எழுத்திலேயே போட வேண்டும். அதுவரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்: ரேம் வகை எல்பிடிடிஆர் (LPDDR) என்று இருந்தால் பெரும்பாலும் பற்றவைத்ததுதான், எஸ்ஓ-டிம் (SO-DIMM) ஸ்லாட் என்று இருந்தால் மாற்றலாம். சந்தேகம் இருந்தால் தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை எடுத்துப் பாருங்கள், ரேமைக் கழற்றும் படம் அதில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். வெப் வேலைக்கு என்று இன்று புதிதாக வாங்குகிறவருக்கு 16 ஜிபிக்குக் கீழே நான் சிபாரிசு செய்வதில்லை.

சரி, உங்கள் கையில் இருக்கும் 8 ஜிபிக்கு வருவோம். விண்டோஸில் டாக்கர் வழக்கமாக டபிள்யூஎஸ்எல் 2 என்ற, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியின் மேல் ஓடுகிறது, அது கணினியின் ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும்படிதான் இயல்பாகவே அமைத்திருக்கிறார்கள். உங்கள் யூசர் ஃபோல்டரில் டாட் டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக் (.wslconfig) என்ற ஃபைலை உருவாக்கி மெமரியை 2 அல்லது 3 ஜிபிக்குக் கட்டிப்போடலாம். படிக்கிற கட்டத்தில் டாக்கரே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம், பிஎச்பியையோ, ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸையோ நேராக நிறுவிக்கொண்டால் அந்தச் சுமை மொத்தமும் போய்விடும். விற்பனைப் பக்கத்தில் கூட்டலாம் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை இன்றே படம் எடுத்து வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள், நாளைக்கு அந்த வரி மாறியிருக்கலாம்.

கே: தள்ளுபடியில் வாங்கிய லேப்டாப்பில் எக்ஸாம்ப் நிறுவ முடியவில்லை. ஸ்டோரிலிருந்து மட்டும்தான் நிறுவலாம் என்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

ப: இல்லை. நீங்கள் அனுப்பிய படத்திலேயே விண்டோஸ் எஸ் மோட் என்று மாடல் பெயருக்குக் கீழே எழுதியிருக்கிறது, ஸ்டோர் புரோகிராம்களை மட்டும் அனுமதிக்கும் விண்டோஸ் என்று அர்த்தம். தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று பார்த்த கண் அடுத்த வரியையும் பார்த்திருக்க வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் போய் எஸ் மோடிலிருந்து வெளியே வரலாம், அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது, உங்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. எனக்குக் கவலை அதே படத்தில் இருக்கும் இன்னொரு வரி: 64 ஜிபி இஎம்எம்சி, எஸ்எஸ்டியைவிட மெதுவான சேமிப்புச் சில்லு. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சத் தேவையே 64 ஜிபி. அப்டேட் வந்து, நோட் ஜேஎஸ் நிறுவி, ஒரு ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய துணை நிரல்கள் சேரும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் குட்டி ஃபைல்கள் குவிந்ததும் இடமும் போய்விடும், வேகமும் போய்விடும். திருப்பிக் கொடுக்கும் நாள் இன்னும் முடியவில்லையென்றால் திருப்பிவிடுங்கள்.

கே: வெப்ஸ்டார்ம் என்ற பிரபலமான எடிட்டரின் ஆயுட்கால லைசென்ஸ் சாவியை மலிவாக ஒருவரிடம் வாங்கினேன். கொஞ்ச நாளில் செயலிழந்துவிட்டது. விற்றவர் பதில் சொல்வதில்லை. படிப்புக்காகத்தான் வாங்கினேன்.

ப: தயாரித்தவர் விற்காத ஆயுட்கால சாவியை வேறொருவர் எங்கிருந்து கொண்டுவந்து விற்பார் என்று வாங்குவதற்கு முன் யோசித்திருக்கலாம். நீங்கள் சொல்லும் வெப்ஸ்டார்ம் 2024 அக்டோபரிலிருந்து வியாபாரம் சாராத உபயோகத்துக்கு இலவசம்.

கே: லோக்கல்ஹோஸ்டுக்கு எஸ்எஸ்எல் சான்றிதழ், அதாவது https-இல் பக்கத்தை பிரௌசர் நம்ப வைக்கும் சான்றிதழ், வேண்டும். விலைக்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

ப: தரவே முடியாது. லோக்கல்ஹோஸ்ட் யாருக்கும் சொந்தமில்லாத பெயர், அப்படிப்பட்ட உள்பெயர்களுக்குப் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்பது 2015இலிருந்து நடைமுறையில் இருக்கும் விதி. எம்கேசெர்ட் (mkcert) என்ற இலவசக் கருவி உங்கள் கணினி மட்டும் நம்பும் சான்றிதழைச் செய்து கொடுக்கும், அது போதும்.

கே: டெவலப்பர் பேக் என்று பணம் வாங்கிக்கொண்டு எக்ஸாம்ப், விஎஸ் கோட் எடிட்டர், நோட் ஜேஎஸ், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) எல்லாம் நிறுவிக் கொடுத்தார் ஒருவர். ஓராண்டு லைசென்ஸ் என்றார். இப்போது புதுப்பிக்கப் பணம் கேட்கிறார், கட்டாவிட்டால் எல்லாம் நின்றுவிடுமாம். அப்பா கொடுத்த பணம், மறுபடி கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

ப: எதுவும் நிற்காதம்மா, கட்டாதே. நான்குமே இலவசம், நான்குக்கும் ஆண்டுச் சந்தா என்ற ஒன்றே கிடையாது. நிறுவிக் கொடுத்த வேலைக்குக் கூலி வாங்கியிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன், அது உழைப்பு. பொதுக் கிணற்றுத் தண்ணீரைத் தூக்கி வந்ததற்குச் சுமைகூலி கேட்கலாம், கிணறே என்னுடையது, வருஷா வருஷம் வாடகை கட்டு என்று கேட்கக் கூடாது. அவர் செய்திருப்பது இரண்டாவது.

முதலில் அவர் அனுப்பிய செய்திகள், ரசீது, லைசென்ஸ் என்ற சொல் வரும் இடம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள். எந்த மென்பொருளுக்கு, எந்த நிறுவனம் வழங்கிய லைசென்ஸ் என்று எழுத்தில் கேள். அவரால் அதற்குப் பதில் எழுத முடியாது. கார்டில் கட்டியிருந்தால் கட்டிய நாளைச் சொல்லி, வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது, கேட்க இன்னும் அவகாசம் இருக்கிறதா என்று விசாரி. அப்புறம் கணினி. அவர் நிறுவியதில் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் ஏதாவது இருக்கிறதா என்று நிறுவிய புரோகிராம்களின் பட்டியலில் ஒவ்வொன்றாகப் பார், இருந்தால் நீக்கு. எக்ஸாம்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் புதிதாக நிறுவுவது நல்லது. தேடலில் மேலே வரும் விளம்பரச் சுட்டியைத் தொடாதே, அங்கே போலித் தளங்களும் வருவதுண்டு. பழையதை நீக்கும் முன் எச்டிடாக்ஸ் ஃபோல்டரை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள், டேட்டாபேஸை எக்ஸாம்போடு வரும் பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள், ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் டேட்டாபேஸ் வராது. அப்பாவிடம் நடந்ததை அப்படியே சொல். உன் மேல் தப்பு இல்லை.

கே: 300 பேர் வேலை செய்யும் நிறுவனம். எல்லாருக்கும் டாக்கர் டெஸ்க்டாப் போட்டிருக்கிறோம், இலவசம்தானே?

ப: இல்லை. 250 பேருக்கும் குறைவு, ஆண்டு வருவாய் 1 கோடி டாலருக்கும் குறைவு, இந்த இரண்டும் பொருந்துகிற நிறுவனத்துக்குத்தான் இலவசம். தனிப்பட்ட உபயோகத்துக்கும் படிப்புக்கும் உண்டு. இந்த விதி 2021இல் வந்தது. லினக்ஸில் டாக்கர் எஞ்சினை மட்டும் நிறுவிக்கொண்டால் இந்தக் கட்டணம் இல்லை. சிறியவர்களுக்கு விட்டுக்கொடுத்த சலுகையை 300 பேர் கொண்ட நிறுவனம் எடுத்துக்கொள்வது சரியில்லை, வாங்கிவிடுங்கள்.

கே: ப்ராஜெக்ட்டுகளைப் பத்திரப்படுத்த 2 டிபி வெளி எஸ்எஸ்டி வாங்கினேன். பழைய ஃபைல்கள் திறக்கின்றன, பிறகு போட்டவை பெயர் மட்டும் தெரிகின்றன, திறந்தால் குப்பை. ஆறு மாத வேலை போய்விட்டது.

ப: படிக்கவே கஷ்டமாக இருந்தது. உங்களுக்கு விற்றது பெரும்பாலும் போலிக் கொள்ளளவு. உள்ளே சின்ன மெமரியை வைத்துவிட்டு, கணினி கேட்டால் 2 டிபி என்று பொய் சொல்லும்படி எழுதியிருப்பார்கள். நிரம்பியதும் புதிய ஃபைல்களின் பெயர் பதிவாகும், உள்ளடக்கம் எங்கும் எழுதப்படாது. எனக்கும் ஒரு பென் டிரைவ் இப்படி வந்து சேர்ந்தது, படங்கள் பாதி சாம்பல் நிறமாகத் திறந்தபோதுதான் தெரிந்தது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 (F3) என்று இலவசக் கருவிகள் உண்டு, முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும். திறக்கிற ஃபைல்களை முதலில் வெளியே எடுத்துவிட்டு ஓட்டுங்கள், அந்த முடிவுப் பக்கத்தோடு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இனி எந்த டிரைவ் வாங்கினாலும் முதல் நாளே இந்தச் சோதனை. எழுதிய நிரலை கிட்டில் (Git) பதிந்து, இணையத்தில் இருக்கும் ரெப்போவுக்கு, அதாவது நிரல் கிடங்குக்கு, அனுப்பிவைக்கிற பழக்கத்தையும் இன்றே ஆரம்பியுங்கள், டிரைவ் நல்லதாக இருந்தாலும் ஒரு நாள் போகும்.

கே: புதியது வாங்க வசதியில்லை. பழைய லேப்டாப் வாங்கினால் வெப் டெவலப்மென்ட் ஓடுமா?

ப: நன்றாகவே ஓடும். அலுவலகங்களில் ஓடிய தடிமனான மாடல்களைத் தேடுங்கள், பலவற்றில் ரேம் ஸ்லாட் இருக்கும், டிஸ்க்கையும் மாற்றலாம். ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எஸ்எஸ்டியாக மாற்றுவதற்கு ஆகும் செலவை விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏறாத பழைய பிராசசர் என்றால் லினக்ஸ் போடலாம், இந்த வேலைக்கு அது குறைச்சல் இல்லை. பணம் கொடுக்கும் முன் விற்பவர் எதிரிலேயே பயாஸை, அதாவது கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரையை, திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் விற்பவரை நீக்கித் தரச் சொல்லுங்கள், அவரால் முடியாவிட்டால் வாங்காதீர்கள். கேட்கவில்லையென்றால் உள்ளே விர்ச்சுவலைசேஷன் என்ற, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வசதியை ஆன் செய்ய முடிகிறதா என்று பாருங்கள், பின்னால் டாக்கருக்கு அது வேண்டும். பிறகு சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள், பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.