பத்து நாளில் முடிவு வேண்டாம்

கேள்வி: எனக்கு 38 வயது. பாம்பன் பக்கம் தீவுகளில் கடல்பாசி எடுக்கிற வேலை. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். போன வருஷம் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், அங்கே சிறையில் இருந்து திரும்பி வந்தார். அவர் வந்து இத்தனை மாசம் ஆகியும் எனக்குத் தூக்கம் இல்லை. ராத்திரி போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது, கை கால் சில்லிட்டுப் போகிறது. சோறு இறங்கவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் காலையில் எஸ்சிடலோபிராம் 10, ராத்திரி குளோனாசிபாம் 0.5 கொடுத்தார்கள். பத்து நாளாகச் சாப்பிடுகிறேன். குமட்டல், தலைபாரம். படபடப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது. கடலில் இறங்கினால் கிறுகிறுக்கிறது. "மூளை மாத்திரை பழக்கமாகிவிடும், நிறுத்து, ஏர்வாடி தர்காவில் நாற்பது நாள் தங்கினால் சரியாகும்" என்கிறார் மாமியார். நோயைவிட மாத்திரைதான் பெரிய தொல்லையாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, பாம்பன்

பதில்:

அன்புச் சகோதரி, மற்றதெல்லாம் பிறகு. தலை கிறுகிறுப்பு நிற்கிறவரை தண்ணீரில் மூழ்கிப் பாசி எடுக்கப் போகாதீர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பாறைக்கு இறங்குகிற வேலை உங்களுடையது. அங்கே ஒரு நொடி மயக்கம் வந்தால் போதும், ஆபத்து. கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். கொஞ்ச நாளைக்குக் கரையில் பாசியைக் காயப்போடுவது, கழித்துச் சுத்தம் செய்வது போன்ற வேலை கிடைக்குமா பாருங்கள்.

நீங்கள் சாப்பிடுகிற இரண்டு மாத்திரைகளையும் ஒன்றாக வைத்து எடை போடுகிறீர்கள். அவை இரண்டும் வேறு வேறு. தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கிறுகிறுப்புக்கும் பகல் மந்தத்துக்கும் பெரும்பாலும் காரணம் ராத்திரி மாத்திரை. குளோனாசிபாம் போட்ட அன்றே தூக்கத்தைத் தரும், படபடப்பை அமுக்கும். ஆனால் விடிந்ததும் அது உடம்பை விட்டுப் போய்விடாது. ஒரு நாளுக்கு மேலும் ரத்தத்தில் தங்கும். விடிவதற்கு முன்பே வள்ளம் ஏறுகிற பெண்ணுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. மாமியார் பயப்படுகிற 'பழக்கம்' இந்த மாத்திரைக்குத்தான் பொருந்தும். மாதக்கணக்கில் போட்டால் உடம்பு அதைக் கேட்கத் தொடங்கும். அதனால்தான் இதைப் பொதுவாக இரண்டு வாரம், நான்கு வாரம் என்று குறுகிய காலத்துக்குக் கொடுப்பார்கள். டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: "நான் கடலில் மூழ்கி வேலை செய்கிறவள். இதை எப்போது குறைப்பீர்கள்?" உங்கள் தொழில் என்ன என்று அவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்காவிட்டால் இப்போது சொல்லுங்கள். அது தெரிந்தால் அளவை மாற்றியே எழுதக்கூடும்.

காலை மாத்திரையின் கதை வேறு. எஸ்சிடலோபிராம் மனச்சோர்வுக்கும் படபடப்புக்கும் கொடுக்கிற மருந்து. அதில் தொல்லை முதலில் வரும், பலன் பின்னால் வரும். குமட்டல், தலைவலி, முன்னைவிடக் கூடுகிற படபடப்பு இவையெல்லாம் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கே உரியவை. பெரும்பாலோருக்குத் தானாக அடங்கிவிடும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், முழுதாகத் தெரிய ஆறு வாரம்கூட ஆகும். ஆக, பத்தாம் நாளில் நீங்கள் பார்ப்பது தொல்லையை மட்டும்தான். இன்றைக்குத் தராசைத் தூக்கினால் அது ஒரு பக்கம்தான் சாயும். ஆறாவது வாரம் தூக்கிப் பாருங்கள். அதுவரை வயிறு காலியாக இருக்கும்போது போடாமல், சாப்பிட்டபின் போடுங்கள். படபடப்பு தாங்கவில்லையென்றால் சில நாள் 5 மில்லிகிராமுக்கு இறக்கி மெதுவாக ஏற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். படபடப்பு நோய் உள்ளவர்களுக்கு அப்படித் தொடங்குவது வழக்கம்தான்.

பலன் என்று எதைச் சொல்கிறேன்? ராத்திரி போன் அடிக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆனால் எடுத்துப் பேசி வைத்ததும் அடங்கிவிடும், திரும்பத் தூங்கிவிடுவீர்கள். சோறு இறங்கும். பிள்ளை பேசினால் காதில் ஏறும். அவ்வளவுதான். வீட்டுக்காரர் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகிற நாளில் உங்களுக்குக் கவலை இருக்கத்தான் செய்யும். அந்தக் கவலைக்குக் காரணம் உண்மையிலேயே இருக்கிறது, எந்த மாத்திரையும் அதை எடுத்துவிடாது. அதோடு, எல்லோருக்கும் முதல் மருந்தே கேட்பதும் இல்லை. மனச்சோர்வு உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே அறிகுறிகள் முற்றும் விலகியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு மருந்தை மாற்றியும் கூட்டியும் பார்த்தார்கள், அதில் இன்னும் பலர் தேறினார்கள். முதல் மாத்திரை ஒத்துவராவிட்டால் உங்களிடம் ஏதோ குறை என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சு வழிச் சிகிச்சையும் படபடப்புக்கு நன்றாக வேலை செய்கிறது. அது கிடைக்குமா என்று மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

எஸ்சிடலோபிராம், குடி போலவோ புகையிலை போலவோ ஏக்கத்தைக் கிளப்புகிற மருந்து அல்ல. ஆனால் திடீரென்று விட்டால் உடம்பு முரண்டு பிடிக்கும். தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்கிற மாதிரி ஒரு வெட்டு, இவை சில நாள் வரும். அதைப் பார்த்துத்தான் ஊரில் 'பழக்கமாகிவிட்டது' என்கிறார்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைத்தால் விட்டுவிடலாம். குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், இல்லாவிட்டால் நோய் திரும்புகிற வாய்ப்பு அதிகம்.

முதல் வாரங்கள் கழிந்தும் தங்கிவிடுகிற பக்கவிளைவுகளும் உண்டு. அவற்றை மறைக்க மாட்டேன். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது, உச்சம் தாமதமாவது அதில் முக்கியமானது. பெண்கள் இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், பிறகு யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம். வியர்வையும் கூடலாம், சிலருக்கு எடை ஏறலாம்.

பாசி எடுப்பவர்களுக்கென்றே இன்னொன்று. தோள்வலி, இடுப்புவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிற பழக்கம் உங்களுக்கும் இருக்கும். எஸ்சிடலோபிராமோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். டிராமடால் கலந்த வலி மாத்திரையும் கூடாது. வலி தாங்காதபோது பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், அதுவும் அளவோடு. மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவை வந்தால் காத்திருக்கக் கூடாது: சாகத் தோன்றுவது, உட்கார முடியாத அளவுக்குத் தவிப்பு, தூங்காமலேயே களைப்பில்லாமல் ஓயாமல் பேசித் திரிவது. இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். இந்த மருந்துகளைத் தொடங்கும்போது தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை முக்கியமாக 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. ஆனாலும் முதல் வாரங்களில் எந்த வயதினரையும் வீட்டில் ஒருவர் கவனித்துக்கொள்வது நல்லது.

ஏர்வாடிக்குப் போக வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை இருந்தால் போய் வாருங்கள். தர்காவில் ஓதிவிட்டு வருகிற அமைதியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 உயிர் போனது. மருத்துவம் பார்க்காமல் இறைவனிடம் மட்டும் விட்டுவிட்டதன் விலை அது. இன்று அதே தர்காவில் துஆவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் கொடுக்கிற அரசுத் திட்டம் இருக்கிறது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். நாற்பது நாள் தங்குவதானால் நாற்பது நாள் மாத்திரையும் பையில் இருக்கட்டும்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கேட்க வேண்டியதை அவரே டாக்டரிடம் கேட்கட்டும். அதுவரை ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதி வையுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்று எது அதிகமாகத் தொல்லை தந்தது. வேறு மருந்து எதுவும் சாப்பிட்டால், பி.பி. மாத்திரையோ வலி மாத்திரையோ, அந்த அட்டைகளையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகும் என்பதால், ஒரு மாதத்துக்குச் சேர்த்து மாத்திரை தர முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். புது அட்டை வேறு நிறத்தில், வேறு கம்பெனிப் பெயரில் இருந்தால் பதற வேண்டாம், மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அதேதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.