கேஸ் வலி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

கேள்வி: பழைய பேட்டரி பிரித்து ஈயம் உருக்கும் பட்டறையில் 9 வருடமாக வேலை. முடி கொட்டுகிறது, மறதி வேறு. வயிறு விட்டுவிட்டுப் பிசைகிறது, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறது, கேஸ் மாத்திரையில் ஓட்டுகிறேன். ஈயம் மூளையைத் தின்றுவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். முடியை அனுப்பி டெஸ்ட் எடுக்கலாமா? ஈயத்தை இறக்கும் பொடி சாப்பிடலாமா? வீட்டில் 3 வயது மகள் இருக்கிறாள்.

பதில்: மகளை ஏன் கடைசி வரியில் எழுதினீர்கள் என்று புரிகிறது. அவளுக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள். உங்கள் சட்டையிலும் செருப்பிலும் வரும் தூசு தரையில் படிந்து, அவள் கை வழியாக வாய்க்குப் போகும். இனி பட்டறையிலேயே குளித்து உடை மாற்றிவிட்டு வந்து அவளைத் தூக்குங்கள், வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வயிறுதான். பிசைகிற வலி, கூடவே மலச்சிக்கல், தொழிலோ ஈயம் உருக்குவது: இப்படி ஒருவர் வந்தால் முதலில் ஈயத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். குடல்வால் என்று நினைத்து ஆபரேஷன் வரை போய், அப்புறம் ஈயம் என்று தெரியவந்த கதையெல்லாம் மருத்துவத்தில் உண்டு. அதனால் கேஸ் மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்காமல் இந்த வாரமே அரசு மருத்துவமனைக்கோ, கார்டு இருந்தால் இஎஸ்ஐக்கோ போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேட்க வேண்டிய டெஸ்ட் 'பிளட் லெட் லெவல்', அதாவது ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்ப்பது. மாஸ்டர் செக்கப்பில் பொதுவாக இது இருக்காது. முழங்கை மடிப்பில் ஊசி போட்டு எடுக்கும் ரத்தம்தான் வேண்டும். விரலைக் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் ஈயமே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். அமெரிக்காவில் ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் ஈயம் 60 மைக்ரோகிராம் தொட்டால் தொழிலாளியை ஈய வேலையிலிருந்து விலக்கி, 40க்குக் கீழே வந்த பிறகுதான் திரும்பச் சேர்க்கிறார்கள். அந்த 40ம் நல்ல அளவு இல்லை. குழந்தைக்கு 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் ரத்தம் காட்டுவது பெரும்பாலும் கடைசி ஒன்றிரண்டு மாதக் கணக்கை. பழைய ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்திருக்கும்.

முடி கொட்டுவதை விடுங்கள். முடி டெஸ்ட்டும் காசுக்குத் தண்டம். அந்தப் பொடியைத் தொடவே வேண்டாம், சித்த மருந்தாக விற்கும் சில பற்பங்களை (உலோகத்தைச் சுட்டுச் செய்யும் பொடி) ஈயத்தை வைத்தேதான் செய்கிறார்கள். ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவையா என்பதை ரிப்போர்ட் பார்த்து டாக்டர் சொல்லட்டும். அதைப் போட்டுக்கொண்டே நீங்கள் உலை முன்னால் நின்றால் அதுவும் வீண்தான்.